வண்ணமும் வெண்மையும்

ஆறாண்டுகள் எனக்குத் துணையிருந்த கறுப்பு வெள்ளை மின்னூல் கருவியை விடுத்து, அண்மையில் வண்ணக் கருவியொன்றை வாங்கினேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது திகைத்தேன். புதியதன் பக்கம் பழையதைவிடச் சாம்பல் பூத்திருந்தது! பழுதோ என ஐயுற்றேன்; பழுதன்று.

இத்தகைய திரையினுள் தலைமயிரின் பருமனே உள்ள எண்ணற்ற நுண்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெண்துகள்களும் கருந்துகள்களும் எதிரெதிர் மின்னேற்றம் பெற்று மிதக்கின்றன. மின்புலத்தின் ஈர்ப்பிற்கேற்ப ஒரு நிறம் மேலெழ, மற்றது அடியில் தங்குகிறது. எழுத்து உருவானபின் அதை நிறுத்திவைக்க மின்சாரம் வேண்டுவதில்லை. 1997இல் தோன்றிய இ-இங்க் நிறுவனம் வளர்த்த முறை இது.

என் வண்ணக் கருவியிலும் துகள்கள் அவையே. அவற்றின்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் பரப்பப்பட்டுள்ளன, அவ்வளவுதான். வெளியொளி உட்புகும்போதும் மீளும்போதும் வடிகட்டியைக் கடக்கிறது. இருமுறையும் ஒரு பங்கை இழக்கிறது. வெண்மை மங்குவது இதனால்தான். நுணுக்கமும் குறைகிறது. கலைடோ 3 என்னும் இத்திரையில், அங்குலத்திற்குக் கறுப்பு வெள்ளையில் 300 புள்ளிகள், வண்ணத்திலோ 150தான்.

பின் ஏன் வாங்கினேன்? நிலப்படத்தில் மலையும் சமவெளியும் ஒரே சாம்பலாய்க் கிடக்கக் கண்டு அல்லலுற்றவர் அறிவர். இன்று உடலியல் நூலில் தமனி சிவப்பாகவும் சிரை நீலமாகவும் பிரிந்து தெரிகின்றன. அதற்காக முன்விளக்கைச் சற்றுக் கூட்டிவைக்கிறேன். மின்கலமும் அதற்கேற்ப விரைந்து தீர்கிறது. நாவல் படிக்கும் இரவுகளில் மட்டும் என் கை பழைய கருவியையே நாடுகிறது.