வலைக்கு முன்னால் நின்றவர் – பீட்டர் தங்கராஜ்



நம்ம சேலம், நாமக்கல் பக்கம் கபடி, வாலிபால் என்றால் ஊரே கூடும். புட்பால் அப்படி இல்லை. அந்த புட்பாலிலும் யாருமே கேட்டு வாங்காத இடம் ஒன்று உண்டு. டீம் பிரிக்கும்போது எல்லாருக்கும் பார்வர்டு வேணும். கடைசியில் மிஞ்சுகிறவனைப் பார்த்து "நீ கோலுக்குப் போடா" என்பார்கள். வெயிலில் காய்ந்து கிடக்கும் சரளை மண்ணில் டைவ் அடித்தால் முட்டியும் முழங்கையும் என்ன கதி ஆகும் என்று எனக்குத் தெரியும். நம் பாலிடெக்னிக் டீமில் நான் இரண்டாவது கீப்பர். அதாவது, பெரும்பாலும் பெஞ்சு!

அதனாலேயே எனக்குப் பீட்டர் தங்கராஜ் மேல் தனிப் பிரியம். பெயர் நம்ம ஊர்ப் பெயர். பிறந்தது 1935-ல் ஐதராபாத்தில். ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடினார். அவர் ஆரம்பத்தில் கீப்பரே இல்லை, சென்டர் பார்வர்டு! பிறகுதான் கோல் கம்பத்துக்கு மாறினார். அந்த அணி 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை வென்றது. 1960-61-ல் சர்வீசஸ் அணி முதல் தடவையாகச் சந்தோஷ் டிராபியைத் தூக்கியபோது கேப்டன் இவர்தான்.

பார்வர்டாக ஆடியவன் கீப்பரானால் என்ன லாபம்? நம் முதல் வருஷ மேத்ஸை வைத்தே சொல்லலாம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். எதிராளி நேர் எதிரே 16.5 மீட்டர் தூரத்தில், பெனால்டி ஏரியா கோட்டில் பந்தோடு வருகிறான்னு வச்சுக்குங்க. கீப்பர் கோல் கோட்டிலேயே நின்றால் 7.32 மீட்டர் முழுவதையும் காக்க வேண்டும். அவர் 5.5 மீட்டர் முன்னால் வந்துவிட்டால்? பந்துக்கும் அவருக்கும் 11 மீட்டர்தான். வடிவொத்த முக்கோணம் போட்டுப் பாருங்கள்: அடைக்க வேண்டிய அகலம் 4.88 மீட்டராகக் குறைந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு கோலை நடந்தே மூடியாச்சு!

ஆனால் சும்மா கிடைக்காது. முன்னால் வந்தால் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், 11 மீட்டரைப் பந்து 0.44 விநாடியில் கடந்துவிடும். யோசிக்க நேரமே கிடையாது. எதிராளி எப்போது அடிப்பான், எப்போது தூக்குவான் என்பதை அவன் கால் அசைவிலேயே படிக்க வேண்டும். அந்த வேலையைத் தானே செய்து பார்த்தவனுக்கு அது சுலபம் என்பது என் எண்ணம். தங்கராஜ் ஆறடிக்கு மேல் உயரம் வேறு. உயரப் பந்துக்கும் பயம் இல்லை.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் இந்தியா நான்காம் இடம் வந்தது. அந்த அணியில் கீப்பர்கள் இரண்டு பேர்: எஸ்.எஸ்.நாராயணும் தங்கராஜும். 1960 ரோமில் நம் ஆட்கள் ஹங்கேரியிடம் 1-2 என்றுதான் தோற்றார்கள், பிரான்ஸோடு 1-1 டிரா செய்தார்கள். பெருவிடம் 1-3 என்று தோற்றுத் திரும்பினார்கள்.

பெரிய கதை 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. போட்டிகளுக்கு நடுவே தங்கராஜுக்குக் காய்ச்சல். கீப்பராக இறங்கியவர் பிரத்யுத் பர்மன். தென் வியட்நாமை 3-2 என்று வென்று பைனலுக்கு வந்தாச்சு. எதிரே தென் கொரியா. முதல் ஆட்டத்திலேயே நம்மை 2-0 என்று வென்ற அணி. கோச் ரஹீம், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜையே நிறுத்தினார். அதுவரை ஆடிய பர்மன் வெளியே உட்கார்ந்தார். மற்ற இடமாக இருந்தால் ஒருவரைத் தள்ளி ஆட வைக்கலாம். கீப்பருக்கு அந்த வழியே கிடையாது. ஒரே சட்டைதான்.

செப்டம்பர் 4. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். பி.கே.பானர்ஜி ஒரு கோல். தலையில் தையலோடு, டிபன்ஸிலிருந்து பார்வர்டுக்கு மாறி ஆடிய ஜர்னைல் சிங் இன்னொன்று. கடைசி நேரத்தில் கொரியா ஒன்று போட்டது. 2-1, தங்கம்! ஆசிய விளையாட்டில் அதற்குப் பின் நம் புட்பால் அணி தங்கமே வாங்கவில்லை. தங்கராஜை மட்டும் சொல்லிவிட்டுப் பர்மனை விட்டுவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அவர் பிடித்த பந்துகள் இல்லாமல் பைனலே இல்லையே!

இன்னொன்று. அந்தக் காலத்தில் நம் ஆளே காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கலாம். 1992-ல் அந்த விதி மாறியது. இப்போது கீப்பருக்குக் காலும் வேணும்.

ராணுவத்தை விட்டபின் கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது. ஆட்டம் முடிந்தபின் பொகாரோ உருக்காலையில் கோச் வேலை. நம் சேலம் உருக்காலையும் பொகாரோவும் ஒரே 'செயில்' நிறுவனத்தைச் சேர்ந்தவை என்பதை, அப்ரென்டிஸ் போகக் காத்திருக்கும் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். 2008 நவம்பர் 24-ல் அந்தப் பொகாரோவிலேயே அவர் காலமானார்.