அஃபுங்கி கரையில் நமக்கும் 30 விழுக்காடு

ஆப்பிரிக்காவின் ஒரு கடற்கரையில் நம் பொதுப்பணம் இறங்கியிருக்கிறது. மொசாம்பிக் நாட்டின் வடகோடி மாகாணமான காபோ டெல்காடோவில் உள்ள அஃபுங்கி தீபகற்பம்தான் அந்த இடம். ஆழ்கடலில் எடுக்கும் இயற்கை எரிவாயுவைக் குழாய் வழியே கரைக்குக் கொண்டுவந்து, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலேற்றும் முனையம் அங்கே எழுகிறது. ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டன் ஏற்றுமதி செய்வது திட்டம். முதலீடு 2,000 கோடி டாலர். நடத்துவது பிரான்சின் டோட்டல் எனர்ஜிஸ், அதன் பங்கு 26.5 விழுக்காடு. ஓ.என்.ஜி.சி., பாரத் பெட்ரோலியம், ஆயில் இந்தியா ஆகிய நமது பொதுத்துறை நிறுவனங்கள் துணை நிறுவனங்கள் வழியாகவும் கூட்டாகவும் வைத்திருக்கும் பங்கைக் கூட்டினால் 30 விழுக்காடு. நடத்துகிறவரைவிட நம் பங்கு பெரிது.

தலித் பத்தியில் மொசாம்பிக் எதற்கு என்று கேட்பீர்கள். பத்திரம் இல்லாத உழைப்பாளியைத் திட்ட அதிகாரிகள் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்பது எந்த நாட்டில் நடந்தாலும் நம் கேள்விதான்.

முனையத்துக்காகச் சுமார் 7,000 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டது. கிட்டுப்போ கிராமத்தவர் உள்ளிட்ட 550-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு கிட்டுண்டா என்ற புதுக் குடியிருப்பில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். நல்ல வீடுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மக்களின் சோறு வீட்டுக்குள் இல்லை. ஆண்கள் சிறு படகில் மீன்பிடிப்பவர்கள். பெண்கள் கடல் வற்றும் நேரத்தில் கால்நடையாகப் போய்ச் சிப்பியும் மட்டியும் பொறுக்குபவர்கள். மீதி நேரத்தில் மரவள்ளித் தோட்டம். புதுக் குடியிருப்போ கரையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கிறது. வற்றும் நேரம் பேருந்து வரும் வரை காத்திருக்காது. மாற்று நிலத்திலும் வம்பு வந்தது. அதில் ஏற்கெனவே பக்கத்து ஊர்க்காரர்கள் பயிரிட்டு வந்தார்கள். இரண்டு ஏழைகளை மோதவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வித்தை நமக்குப் புதிதா என்ன?

இத்தனைக்கும் மொசாம்பிக்கின் 1997 நிலச் சட்டம், ஏட்டளவில், நம்முடையதைவிட மேலானது. நிலம் அரசுக்குச் சொந்தம். என்றாலும் வழக்கமாகப் பயன்படுத்தி வரும் சமூகத்துக்கு, கையில் காகிதம் இல்லாவிட்டாலும் உரிமை உண்டு. அக்கம்பக்கத்தார் வாய்மொழிச் சாட்சியே போதும். பட்டா எங்கே என்ற ஒரே கேள்வியில் நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தும் இங்குள்ள வழக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

இங்கே நம் 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டமும், நீர்நிலையை நம்பிப் பிழைப்பவரை நிலமில்லாவிட்டாலும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. பழவேற்காட்டில் பாட்டு முறைக்குள் இடமில்லாத தலித் மீனவருக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும் அந்த வரி எவ்வளவு முக்கியம் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதே இந்திய அரசின் நிறுவனங்கள் கடல் தாண்டி முதலீடு செய்யும்போது இந்தச் சட்டம் கூடவே போவதில்லை. அதிகாரியின் பாஸ்போர்ட் போகிறது, சட்டம் எல்லையிலேயே நின்றுவிடுகிறது.

2021 மார்ச்சில் ஆயுதக் குழுவினர் அருகிலுள்ள பால்மா நகரைத் தாக்கினார்கள். ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே வேலையை நிறுத்திய டோட்டல் எனர்ஜிஸ், 2025 நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டது. முனையத்தைக் காவல்காத்த அரசுப் படையினர் பொதுமக்களைச் சரக்குப் பெட்டகங்களில் அடைத்துக் கொடுமைப்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்திருக்கிறது. தங்களுக்கு அது தெரியாது என்கிறது நிறுவனம். தருவதாகச் சொன்ன 115 கோடி டாலர் நிதி ஆதரவிலிருந்து பிரிட்டன் 2025 டிசம்பரில் பின்வாங்கியது.

முதலீட்டை விற்றுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. விற்றால் வாங்குகிறவர் இன்னும் மோசமானவராக இருக்கலாம். தமிழ்நாட்டில் 7 தனி மக்களவைத் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றில் திருவள்ளூரும் நாகப்பட்டினமும் கடலோரம். அந்த உறுப்பினர்களில் ஒருவர் பெட்ரோலிய அமைச்சகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம்: கிட்டுண்டாவில் எத்தனை குடும்பங்களுக்கு மாற்று விளைநிலம் கைக்கு வந்தது? கரையில் மட்டி பொறுக்கிய பெண்களுக்கு என்ன கொடுத்தீர்கள்? 30 விழுக்காடு வைத்திருப்பவர் கேட்டால் அங்கே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.