தீபாவளிக்கு ஆள் வந்தாச்சு... தூக்கம் இன்னும் நியூயார்க்கில்!

அமெரிக்காவிலிருந்து தீபாவளிக்கு ஆமத்தூர் வரும் பிள்ளைகளைப் பாருங்கள். அதிகாலை 4 மணி எண்ணெய்க் குளியலுக்கு முதல் ஆளாக நிற்பார்கள். மதியம் சாப்பாட்டு இலை முன்னாலேயே தலை சாயும். சோம்பேறித்தனம் இல்லை, ஜெட்லாக்!

குளிர்கால நேரப்படி நியூயார்க் நம்மைவிட 10.5 மணி நேரம் பின்னால் இருக்கிறது. நமது மதியம் 1.30, அவர்கள் உடம்புக்கு நடுராத்திரி 3 மணி. அப்போது பிரியாணி வைத்தால் வயிறு பாவம்தானே? இரவு 9 மணிக்கு விருதுநகர் எண்ணெய் பரோட்டா என்றால் தாராளமாக இறங்கும். அங்கே அது டிபன் நேரமாச்சே!

மூளையில் இருக்கும் உடல் கடிகாரம் பெரும்பாலும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மாறும். அதுவும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான். பத்து நாள் லீவில் வருபவருக்கு ஊர்த் தூக்கம் பிடிபடும்போது ரிட்டர்ன் டிக்கெட் தேதி வந்திருக்கும். அதனால் பகலில் வெளியே நடமாடட்டும். மதியத் தூக்கம் அரை மணி நேரம் போதும். நடுராத்திரி முழிப்பு வந்தால் செல்போனைத் தொட வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்கள் ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

மதுரை ஏர்போர்ட்டில் இறங்கியவர் கையில் மட்டும் கார் சாவியைக் கொடுக்காதீர்கள். நான்குவழிச் சாலையில் பட்டப்பகலிலேயே கண் சொக்கும். மாமாவோ மச்சானோ ஓட்டட்டும்.