பழைய கை போகிறது. புதுக் கை வருகிறது!

நீலகிரி தேயிலைத் தோட்டங்களில் சத்தமில்லாமல் நடக்கும் மாற்றம்

குன்னூர்ப் பாதையில் காரை நிறுத்தி, தேயிலைச் செடி நடுவே நின்று படம் எடுத்துக் கொள்கிறவர்கள் ஏராளம். தூரத்தில் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறிப்பார்கள். இலையைக் கிள்ளுவதில் அப்படி என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

இருக்கிறது. நிறைய இருக்கிறது!

இரண்டு இலை, ஒரு மொட்டு. இதுதான் நல்ல கொழுந்து. அதற்குக் கீழே உள்ள இலை முற்றியது. முற்றிய இலை அதிகம் சேர்ந்தால் தூளின் தரம் கெடும். தரம் கெட்டால் குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும். அது மட்டுமா? பறிக்கும்போது செடியின் மேல்மட்டமும் கெடக் கூடாது. இந்த முறை ஆழமாகப் பறித்து விட்டால், அடுத்த முறை வரும்போது கொழுந்து இருக்காது.

20, 30 ஆண்டு பழகிய பெண் இலையை உற்றுப் பார்ப்பதே இல்லை. பக்கத்து வரிசைக்காரியோடு பேசிக் கொண்டே பறிப்பாள். முற்றிய இலையை விரல் தானாகவே விட்டு விடும். மழைக்காலத்தில் எந்தச் சரிவு வழுக்கும், எந்த ஓடைப் பக்கம் காட்டெருமை படுத்திருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இப்போது பல தோட்டங்களில் கத்திரியும் இயந்திரமும் வந்து விட்டன. ஆனால் கத்திரியை எந்த உயரத்தில் ஓட்டுவது என்று தெரிய வேண்டுமே! அதுவும் பழகிய கைக்குத்தான் தெரியும்.

அந்தக் கைகள்தான் குறைந்து வருகின்றன.

யார் வருகிறார்கள்?

ஜார்கண்ட், அசாம், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து இளம் தம்பதிகள் நீலகிரிக்கு வருகிறார்கள். தோட்டத்தில் தமிழோடு இந்தியும் கேட்கிறது. சில மாதம் வேலை செய்து விட்டு ஊருக்குப் போகிறார்கள். பிறகு அவர்களோ வேறு சிலரோ வருகிறார்கள்.

இவர்கள் மீது கோபப்படுவது நியாயமல்ல. சொந்த ஊரில் பிழைப்பு இல்லாமல் வந்தவர்கள். இன்று தோட்டங்களில் இருக்கும் தமிழர் பலருடைய குடும்பங்களும் ஒரு காலத்தில் இப்படிப் பிழைப்புத் தேடி மலை ஏறியவைதான்.

உள்ளூர்ப் பிள்ளைகள் தோட்ட வேலைக்கு வருவதில்லை என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. அது பொய்யல்ல. தாய் கொழுந்து பறித்துப் படிக்க வைத்த பிள்ளை திருப்பூருக்கும் கோவைக்கும் போய் விட்டது. குளிரிலும் அட்டைக் கடியிலும் நின்று சம்பாதிக்கும் கூலி அதற்குப் போதவில்லை.

ஆனால் இது பாதிக் கதைதான். மீதி, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

450 நாள் சம்பளம்

இரண்டு பெண்களை எடுத்துக் கொள்வோம். ஒருத்தி 30 ஆண்டு வேலை செய்த நிரந்தரத் தொழிலாளி. மற்றவள் நேற்று வந்த தற்காலிகத் தொழிலாளி. இருவருக்கும் ஒரே நாள் கூலி என்றே வைத்துக் கொள்வோம். பிறகு புது ஆள் எப்படி மலிவாகிறாள்?

கிராஜுவிட்டி என்று சொல்லப்படும் பணிக்கொடையைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்குப்படி, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். 30 ஆண்டுக்கு 450 நாள் சம்பளம்! மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால், இது 17 மாதச் சம்பளத்துக்கும் அதிகம். இதைப் பெறப் பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். விட்டு விட்டு வேலை செய்கிறவளுக்கு அந்தத் தொடர்ச்சி எங்கிருந்து வரும்?

ஆட்குறைப்பு செய்தாலும் அதே கதைதான். அதற்கான இழப்பீடும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். 30 ஆண்டுக்காரிக்குப் பணிக்கொடையும் சேர்த்து 900 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். ஓராண்டுக்காரிக்கு 15 நாள் இழப்பீட்டோடு முடிந்து விடும்.

ஆகவே பழைய ஆளை யாரும் வேலையிலிருந்து விரட்டுவதில்லை. வயதாகும் வரை காத்திருக்கிறார்கள். அவள் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தில் நிரந்தர ஆளைப் போடுவதில்லை. தற்காலிகம், ஒப்பந்தம் என்று வேறு பெயரில் ஒருவர் வருகிறார். வேலைநீக்கம் என்ற பேச்சே எழுவதில்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

"கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும்." 1953ஆம் ஆண்டிலேயே தொழில் தகராறு சட்டத்தில் இந்த விதி சேர்க்கப்பட்டது. ஆளைக் குறைப்பதானால் புது ஆளைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. ஆட்குறைப்பு செய்த ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால், நிறுத்தப்பட்டவருக்கே முன்னுரிமை என்றும் அது சொல்கிறது.

தமிழ்நாடு 1981இல் இன்னொரு சட்டம் கொண்டு வந்தது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. தோட்டங்களுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் 480 நாள் ஆவதற்குள் ஆளை நிறுத்தி விட்டால்? நாள்களை எண்ணத் தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்!

கடல் கடந்தும் இதே கதை

அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்று ஒரு பெரிய மின்சாதனக் கடைக் கம்பெனி இருந்தது. 2007 மார்ச்சில் அது 3,400 ஊழியர்களை ஒரே நாளில் நீக்கியது. அவர்கள் செய்த குற்றம் என்ன? சம்பளம் அதிகமாக வாங்கியதுதான்! அவர்கள் இடத்துக்குக் குறைந்த சம்பளத்தில் ஆள் எடுத்தார்கள். டி.வி. வாங்க வந்தவருக்கு விவரம் சொல்ல அனுபவசாலி இல்லை. விற்பனை சரிந்தது. 2008 நவம்பரில் கம்பெனி திவால். 2009 மார்ச்சுக்குள் எல்லாக் கடைகளும் மூடப்பட்டன. போட்டியும் பொருளாதார மந்தமும் சேர்ந்துதான் அதை வீழ்த்தின. என்றாலும், இருந்த பலத்தைத் தன் கையாலேயே வெட்டிக் கொண்டது அந்தக் கம்பெனி.

இங்கிலாந்தில் பி அண்டு ஓ என்ற கப்பல் கம்பெனி, 2022 மார்ச் 17இல் ஏறக்குறைய 800 மாலுமிகளை முன்னறிவிப்பு இல்லாமல் நீக்கியது. வீடியோவில் செய்தி சொன்னார்கள், அவ்வளவுதான். குறைந்த கூலிக்கு ஏஜென்சி ஆட்கள் கப்பலில் ஏறினார்கள்.

கணினி வேலையும் விலக்கல்ல. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடு, மேல் பதவிகளில் இருந்தவர்கள் அவர்கள். மேலாளர் என்ற பதவிப் பெயர் பெருமைதான். ஆனால் "கடைசியில் வந்தவர் முதலில்" என்ற விதி மேலாளரைக் காப்பதில்லை.

வேலையோடு வீடும்

கப்பல்காரருக்கும் கணினிக்காரருக்கும் வேலை போனால் சம்பளம் போகும். தோட்டத் தொழிலாளிக்கு வீடும் போகும்!

லயன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பிறந்தது, மணம் முடித்தது, பிள்ளை பெற்றது எல்லாம் அந்த ஒற்றை அறையிலேயே இருக்கும். ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுக்க வேண்டும். வாரிசு ஒருவர் தோட்ட வேலையில் இருந்தால் குடும்பம் அங்கேயே நீடிக்க ஒரு வழி உண்டு. நிரந்தர வேலையே இல்லை என்றால் அந்த வழியும் அடைபடும்.

அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயைப் பாருங்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் அவர்கள். அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் இந்தத் தோட்டங்கள் தொடங்கின. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் காட்டு நிலத்தைத் தேயிலை ஆக்கியது அந்தக் கைகள்தான். 2022இல் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தபோது, எங்கே போவது என்று தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு வீடு தர அரசு திட்டம் அறிவித்தது. இலங்கையில் ஒரு முறை வீட்டை விட்டவர்களுக்கு, இங்கே மறுபடியும் அதே கவலை!

ஓய்வு பெறப் போகிறவர் வீட்டில் இருந்தால், சம்பளச் சீட்டுகளையும் வருங்கால வைப்பு நிதி எண்ணையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். முதலில் வேலைக்குச் சேர்ந்த தேதி எதில் எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். ஓர் ஆண்டு குறைந்தால் 15 நாள் சம்பளம் குறையும். பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேர்த்துக் கேட்கலாம். தோட்டத்தில் பதில் கிடைக்காவிட்டால், குன்னூரிலேயே தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. மனு எழுதத் தெரியாது என்று நின்று விட வேண்டாம். படித்த பிள்ளை விடுமுறைக்கு வரும்போது எழுதிக் கொடுக்கட்டும்.