ஆட்களை ஏற்றும் கப்பல் மட்டும் போதுமா?

தலைமன்னாரில் கப்பலேறிய காலத்தை எம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதோடு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே அக்கப்பற் சேவை ஆரம்பமாயிற்று. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் அது இராமேஸ்வரத்திலிருந்து நடைபெற்று, 1980களில் போர்ச் சூழலோடு நின்றுபோனது. அதன் சிறப்புக் கப்பலில் இருக்கவில்லை. இரு கரைகளிலும் ரயில் காத்து நின்றதே சிறப்பு. மூட்டை முடிச்சுகளோடு வந்த ஏழைக் குடும்பமும் கொழும்பிலிருந்து சென்னை வரை போக முடிந்தது.

போர் முடிந்தபின், 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பெரிய கப்பலொன்று ஓடத் தொடங்கி, நவம்பரிலேயே நின்றது. தமிழகத்தில் அகதிகளாக இருந்த எம்மவர் சிலர் அவ்வருடம் ஒக்டோபரில் அதிலேயே ஊர் திரும்பினர். 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' வந்தது. சில நாட்களில் அதுவும் நின்றது. 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' சேவையை ஏற்றது. மழைக்கால இடைவெளிக்குப் பின் 2025 பெப்ரவரியில் மீண்டும் ஓடியது. ஏறக்குறைய 110 கிலோமீற்றர். நான்கு மணித்தியாலப் பயணம்.

ஏன் இப்படி நின்று நின்று ஓடுகிறது? ஆள் இல்லை என்பது முழுப் பதிலாகாது. ஒக்டோபர் முதல் வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது கடல் கொந்தளிக்கும். வேகமாக ஓடும் சிறு கப்பல்களுக்கு அது ஆகாது. நாகபட்டினத் துறைமுகமோ ஆற்று முகத்தில் உள்ளது. மண் படிவதால் அடிக்கடி ஆழமாக்கவேண்டும். காங்கேசன்துறையைப் புனரமைக்க 6 கோடியே 15 இலட்சம் டொலரை நன்கொடையாகத் தர 2024இல் இந்தியா முன்வந்தது. ஒரு கரையை மட்டும் திருத்திப் பயனில்லை. இன்ன மாதத்தில் கப்பல் ஓடும், இன்ன மாதத்தில் ஓடாது என்று முன்கூட்டியே அறிவித்தாலே பயணிகளின் பாதிச் சிரமம் குறையும்.

அடுத்தது வாகனம். இச்சேவையில் வந்த இரண்டுமே ஆட்களை ஏற்றும் கப்பல்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடும் 'பாதை'யை நாம் அறிவோம். மோட்டார் சைக்கிளை உருட்டி ஏற்றி, மறுகரையில் உருட்டி இறக்குகிறோம். வாகனக் கப்பலும் அதே முறைதான், அளவில் மட்டும் பெரியது. அதற்குப் போதிய ஆழம், கடல் ஏறினாலும் வற்றினாலும் ஈடுகொடுக்கும் சாய்தளம், சுங்கச் சோதனைக்கும் வாகனத் தரிப்புக்கும் விசாலமான வளவு ஆகியன வேண்டும். வாகனத்தைத் திரும்பக் கொண்டுபோவதற்கான பிணைப் பத்திரம், இரு நாட்டிலும் செல்லும் காப்புறுதி ஆகியவற்றை அரசுகள் பேசி முடிக்கவேண்டும். இரு நாட்டிலும் இடப்பக்கமாகவே ஓட்டுகிறோம். அந்தத் தொல்லை இல்லை.

வளவு என்றதும் எமக்கு ஒரு கேள்வி எழுகிறது. காங்கேசன்துறையைச் சூழவுள்ள வலிகாமம் வடக்குச் செம்மண் தோட்டக்காரர் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். எல்லாருக்கும் இன்னும் காணி திரும்பவில்லை. துறைமுகத்தைப் பெருப்பிக்கும்போது யாருடைய காணி கேட்கப்படுகிறது, அதற்கு என்ன ஈடு என்பதை வரைபடம் கீறுமுன்பே உரியவர்களிடம் பேசவேண்டும். கீறியபின் பேசுவது பேச்சல்ல, அறிவித்தல்.

திரும்பிவர எண்ணும் குடும்பங்களுக்குப் பொதிக் கட்டணமே பெரிய விடயம். முப்பது வருடம் முகாமில் சேர்த்த தையல் இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், பிள்ளைகளின் புத்தகங்கள் ஆகியவற்றை விற்றுவிட்டு வெறுங்கையோடு வருபவர் இங்கே முதலிலிருந்து தொடங்கவேண்டியுள்ளது. ஒருவழிப் பயணமாக ஊர் திரும்புவோருக்குத் தனிப் பொதிச் சலுகை கேட்பது நியாயமே.

ஒன்றைக் கவனிக்கவும். விதைநெல், வெங்காயம், கன்றுகள், மண் ஒட்டிய கருவிகள் ஆகியவற்றை அனுமதியின்றிக் கொண்டுவர முயலாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவை துறைமுகத்திலேயே பறிக்கப்படலாம். மண்வெட்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்தே பொதியில் வையுங்கள்.