வீட்டுப் பஞ்சமும் பூட்டிய மாடியும்

ஒரே அறையில் பெற்றோரும் மணமான மகனும் மருமகளும் நெருங்கிக் குடியிருக்கிறார்கள். அடுத்த தெருவில், ஐந்து அறைகள் கொண்ட வீட்டில், எழுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் மட்டுமே வாழ்கிறார்கள். மாடி பூட்டிக் கிடக்கிறது. இவ்விரண்டையும் காண்போர், "பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டால் வீட்டுப் பஞ்சம் தீருமே!" என்று எண்ணக்கூடும். உண்மை அவ்வளவு எளிதன்று.

மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, 2012ஆம் ஆண்டில் நம் நாட்டு நகரங்களில் சுமார் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் குறைவு என மதிப்பிட்டது. அவற்றுள் ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம், இடநெருக்கடியில் வாடும் குடும்பங்களுக்கு வேண்டியவை. நூற்றுக்கு 95க்கு மேற்பட்டவை குறைந்த வருவாயினருக்கு உரியவை. ஆயினும், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, நகரங்களில் சுமார் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன! ஆகவே, வேலை கிடைக்கும் இடத்தில், எளியவருக்கு எட்டும் விலையில் வீடு இல்லை என்பதே பஞ்சத்தின் மூலகாரணம்.

இருக்கும் வீடுகளும் ஏன் வாடகைக்கு வருவதில்லை? பம்பாயில் 1947ஆம் ஆண்டுச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தோடு கட்டிவைத்தது. குடியிருந்தோருக்கு அது காப்பாயிற்று. ஆனால், வரவு செலவுக்குப் போதாமையால் உரிமையாளர் பலர் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர். வாடகைக்கென்று கட்டுவோரும் குறைந்தனர். இத்தகைய சட்டங்கள் பிற மாநிலங்களிலும் இருந்தன. குடிவைத்தால் எழுப்ப இயலாது என்னும் அச்சம் அவற்றால் வேரூன்றியது. பல மாடிகளுக்குப் பூட்டு அந்த அச்சமே.

வீட்டை விற்றுச் சிறிய வீடு வாங்கலாமே என்றால், முத்திரைக் கட்டணமும் பதிவுச் செலவும் தரகும் ஒரு பங்கை விழுங்கிவிடும். பழகிய தெருவிலேயே, படியேறத் தேவையில்லாத சிறு வீடு கிடைப்பது அரிது. ஓய்வூதியம் இல்லாதவருக்கு வீடே கடைசிக் கைப்பொருள். மேலும், இரவில் கூப்பிட்டால் ஓடிவரும் அண்டை வீட்டாரை எந்தப் பணத்தால் வாங்குவது? வீட்டில் இருந்துகொண்டே அதன்மீது மாதந்தோறும் பணம் பெறும் எதிர் அடமானக் கடன் 2007ஆம் ஆண்டில் வந்தது. பிள்ளைகளுக்கென்று வைத்த வீட்டைக் கடனுக்கு உட்படுத்த மனம் ஒப்பாமையால், அதை நாடியவர் சிலரே.

இவர்கள் விற்றாலும், அவ்வீட்டை வாங்கும் வசதி அந்த ஒற்றை அறைக் குடும்பத்துக்கு இல்லை. ஆனால், அந்த மாடியின் ஓர் அறை நியாயமான வாடகைக்கு வந்தால் அவர்களுக்குப் பயன்படும். எழுத்து மூலமான ஒப்பந்தம், இரண்டு மாத வாடகைக்கு மேற்படாத முன்பணம், வழக்குகளை விரைந்து தீர்க்கும் அமைப்பு ஆகியவற்றை 2021ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம் வகுத்தது. மாநிலங்கள் இவற்றை நடைமுறையில் உறுதிசெய்து, எளியோருக்கான வீடுகளையும் பெருக்க வேண்டும். பெரியவர்களைப் பழிப்பதால் ஒரு கதவும் திறவாது. அச்சம் நீங்கினால் அவர்களே திறப்பார்கள்.