தமிழ்வழி ஆசிரியர் நேர்காணல்: குழுவினர் கவனிக்க வேண்டியது என்ன?

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியரைத் தேர்வு செய்வோர், விண்ணப்பதாரரால் தமிழில் பாடம் நடத்த இயலுமா என்பதையே முதலில் அறிய வேண்டும். சான்றிதழ் மட்டும் அதைக் காட்டாது. நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் ஒரு பக்கத்தை அளித்து, பின்னங்களை விளக்கச் சொன்னால் 5 நிமிடங்களில் தெரிந்துவிடும். அனைவருக்கும் அதே பக்கம், முன்கூட்டியே வகுத்த அதே மதிப்பெண் முறை அவசியம். குழுவில் தமிழ் அறிந்தவர் இல்லையெனில் இச்சோதனையே வீண். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளே பாதிக்கப்படுவர்.

பெற்றோர், வசிப்பிடம் பற்றிக் கேட்டு இரண்டு மூன்று நிமிடங்களில் நேர்காணலை முடித்ததை, ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கை வழக்கில் 1980-இல் உச்சநீதிமன்றம் கண்டித்தது. அங்கு மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது நீதிமன்றம்.